ஒன்லைனில் வாங்கிய சாமான் பழுதென்றால்: என் கடைக்கு வரும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், படிவம் நிரப்புதல் என்று தொடங்கியது. பிறகு ஒன்லைன் ஓடர் போட்டுக் கொடுப்பதும் சேர்ந்துவிட்டது. ஓடர் போட்டவளிடம்தானே பழுதானதும் வருவார்கள்? வாழைச்சேனையில் இருக்கும் மச்சாள் முதல் மருதமுனையில் இருந்து வரும் நானா வரை எல்லோரும் கேட்பது அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் தொண்டை வறளச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் பிரின்ட் எடுத்து நீட்டலாம். நான் சட்டத்தரணி இல்லை. சட்டம் வருகிற இடத்தில் அதன் பெயரையும் ஆண்டையும் போட்டிருக்கிறேன், தேவையானவர்கள் போய்ப் பார்க்கட்டும்.

"ஒன்லைன்ல வாங்கினதத் திருப்பிக் குடுக்க ஏலுமா? குடுத்தா எடுப்பாங்களா?"

ஏலும். ஆனால் பழுதான சாமானைத் திருப்புவது வேறு, மனம் மாறித் திருப்புவது வேறு. நிறம் பிடிக்கவில்லை, மாமி வேண்டாம் என்றுவிட்டா என்பதெல்லாம் மனம் மாறுவது. அதை எடுப்பதும் விடுவதும் கடைக்காரரின் விருப்பம், அவர்கள் தளத்தில் போட்டிருக்கும் நிபந்தனைதான் கணக்கு.

பழுது அப்படியில்லை. விற்கிற பொருள் சொன்ன விபரத்துக்குப் பொருந்த வேண்டும், பாவிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் பூட்டன்மார் காலத்துச் சட்டம், ஒன்லைனுக்கும் அதுதான். அதற்கு மேல் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அதைக் கீழே அந்தச் சபையின் தொலைபேசி எண்ணான 1977 பற்றிய பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

"கூரியர் தம்பி பெட்டிய உடைச்சுப் பாக்க விடுறான் இல்ல. காசு குடுத்தாத்தான் தருவானாம். அது அவன்ட பிழைதானே?"

இல்லை, பாவம் அந்தத் தம்பி. பெட்டிக்குள் கிடப்பது பிளெண்டரா செங்கல்லா என்று அவருக்கே தெரியாது. பார்சலை ஒப்படைத்துக் காசை வாங்கிப் போய்க் கட்டுவதுதான் அவர் வேலை. அவரோடு சண்டை பிடித்து யாரும் ஒரு சதம் திரும்பப் பெற்றதை நான் காணவில்லை.

காசைக் கொடுக்க முதல் வெளிப்பக்கத்தைப் பார்க்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது. மூலை நசுங்கியிருக்கிறதா, நனைந்து காய்ந்த அடையாளம் இருக்கிறதா, டேப்புக்கு மேல் டேப் ஒட்டியிருக்கிறதா, லேபிளில் உங்கள் பெயரும் தொகையும் சரியா? பெட்டி கண்ணுக்குத் தெரிய உடைந்திருந்தால் வாங்காமலே விடுங்கள். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பக்கம் "சந்திக்கு வாங்க" என்று கோல் எடுத்து வெயிலுக்குள் அவசரப்படுத்துவார்கள். அப்போதும் அரை நிமிடம் பார்க்கலாம்.

"நான் ஓடரே போடல்ல, என்ட பேருக்குப் பார்சல் வந்திரிக்கி. எடுக்கட்டா?"

எடுக்க வேண்டாம். வீட்டில் வேறு யாரும் போட்டார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் காசு கொடுக்காமல் திருப்பி அனுப்புங்கள். பெயரும் நம்பரும் எங்கோ கசிந்து, அதற்கு ஒரு மலிவுச் சாமானை அனுப்பிக் காசு பிடிக்கிற வேலை இது. பகலில் வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளில்தான் அதிகம் நடக்கிறது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"வீடியோ எடு, வீடியோ எடு எண்டு சொல்றீங்க. கலியாண வீடா மிஸ், வீடியோ எடுக்க?"

சிரிக்க வேண்டாம். பார்சலைத் திறக்கிற அந்த இரண்டு நிமிட வீடியோவில்தான் பாதி வழக்கு. அது இல்லாவிட்டால் நீங்கள் சொல்வது ஒன்று, அவர்கள் சொல்வது ஒன்று, அவ்வளவுதான்.

எடுக்கிற விதம் இருக்கிறது. போனை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் திறக்க வேண்டும். முதலில் மூடிய பெட்டியின் ஆறு பக்கமும், பிறகு லேபிளைக் கிட்டப் பிடித்து ஓடர் இலக்கம் வாசிக்கக்கூடியதாக. அதன் பின் வெட்டாமல், நிறுத்தாமல், ஒரே ஓட்டமாகத் திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, மின்சாரச் சாமான் என்றால் பிளக்கில் போட்டு வேலை செய்கிறதா என்று காட்டி முடிக்க வேண்டும். இடையில் நிறுத்தி எடுத்தால் "நடுவில் மாற்றிவிட்டீர்கள்" என்பார்கள். கத்தரிக்கோலை ஆழமாக விட வேண்டாம். செட்டிபாளையத்து ஆள் ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே இருந்த மெத்தை உறையையும் சேர்த்துக் கிழித்துவிட்டார். கிழிந்ததற்குச் சாட்சியாக அவருடைய வீடியோவே இருந்தது.

"பழுதெண்டு கண்டா முதல்ல என்ன செய்யுற?"

பாவிப்பதை நிறுத்துங்கள். "பாதிதானே வேலை செய்யுது, ரெண்டு நாள் பாப்பம்" என்பதுதான் மிகப் பெரிய பிழை. பொருளை வாங்கிப் பார்த்த பிறகும் நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே எடுக்கப்படும் என்று மேலே சொன்ன 1896 சட்டமும் சொல்கிறது. தளங்களுக்கோ இன்னும் அவசரம். திருப்புகிற காலத்தைச் சில இடங்களில் ஏழு நாள், சில இடங்களில் பதினான்கு நாள் என்று போட்டிருப்பார்கள், சில பேஜ்களில் 24 மணித்தியாலம்தான். வாங்க முதலே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தால், பிறகு மாற்றிப் போட்டாலும் உங்களிடம் இருக்கும்.

அடுத்தது, எழுத்தில் சொல்லுங்கள். நம் ஆட்கள் முதலில் கோல் எடுத்துத் திட்டுவார்கள். அந்தக் கோலுக்குச் சாட்சி இல்லை. செயலியில் "திருப்பி அனுப்ப" என்ற இடத்தால் முறைப்பாடு போட்டு, ஓடர் இலக்கம், வந்த நாள், என்ன பழுது, மாற்றித் தர வேண்டுமா காசு வேண்டுமா என்று நாலு வரி எழுதுங்கள். கோலில் ஏதாவது சொன்னால் உடனே வாட்ஸ்அப்பில் "இன்று காலை இப்படிச் சொன்னீர்கள்" என்று போட்டுவிடுங்கள். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் இலத்திரனியல் வடிவில் இருப்பதாலேயே செல்லாமல் போகாது என்பது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம்.

"பெட்டிய எரிச்சிட்டன். முத்தம் கூட்டேக்க போயிட்டு."

இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான். பெட்டி இல்லையென்றால் தளங்கள் பெரும்பாலும் மறுக்கும். ஆனால் பெட்டி போனதால் பழுது இல்லாமல் போகாது. சாமானில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து, வேறு பெட்டியில் அனுப்பலாமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இனிமேல் ஒரு மாதமாவது பெட்டியைப் பரணில் போடுங்கள்.

"பார்சல எங்க கொண்டு போய்க் குடுக்குற? கொழும்புக்கா போற? அந்தக் காசு ஆர் குடுக்குற?"

பெரிய தளம் என்றால் அவர்களே ஒரு இடத்தைச் சொல்வார்கள், அல்லது வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். மட்டக்களப்பு டவுன், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களுக்கு இதில் பெரிய கரைச்சல் இல்லை. உள்ளே போகப் போகத்தான் கஷ்டம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்கு வாகனம் சுலபமாகப் போகிறது, அதற்கு முதல் பாதை ஓடத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஆனாலும் இன்னும் உள்ளே இருக்கும் ஊர்களுக்கு "எடுக்க வருவோம்" என்று சொல்லிவிட்டு வராமல், "வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை" என்று பதிந்துவிடுவார்கள். அப்படி ஒரு முறை நடந்தால் அன்றைக்கே போன் பதிவை, கோல் ஒன்றும் வரவில்லை என்பதைக் காட்டும் ஸ்கிரீன்ஷொட்டோடு அனுப்புங்கள். திருப்பும் கெடு அதற்குள் ஓடிவிடும்.

கொடுக்கும்போது கட்டிய பார்சலைப் படம் எடுத்து, கூரியரின் பற்றுச்சீட்டை வாங்காமல் நகரக்கூடாது. அந்த மெல்லிய தாளில் எழுத்து இரண்டு மாதத்தில் மங்கிவிடும், போட்டோகொப்பி எடுங்கள். (என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை.) செலவைப் பொறுத்தவரை, பழுதான சாமானுக்கு அனுப்பும் காசை விற்றவர்தான் ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். பெரிய தளங்கள் ஏற்கும். சின்னக் கடைகள் "நீங்க அனுப்புங்க, பிறகு தாறம்" என்பார்கள், "பிறகு" என்ற சொல்லை எழுத்தில் வாங்காமல் அனுப்ப வேண்டாம்.

"'சோதிச்சம், பழுது இல்ல' எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப என்ன செய்ய?"

இது எனக்கே நடந்தது. ஒரு பிளெண்டர். வெறுமனே போட்டால் சிங்கம்போல் சுற்றும். ஊறின உளுந்தைப் போட்டால் நாற்பது செக்கனில் எரிந்த மணம், பிறகு நின்றுவிடும். திருப்பி அனுப்பினேன். பதினொரு நாள் கழித்து அதே பெட்டி, மேலே "குறைபாடு இல்லை" என்ற ஸ்டிக்கரோடு வந்து நின்றது. வெறும் ஜாரைச் சுற்ற விட்டுப் பார்த்திருப்பார்கள், வேறு என்ன?

இரண்டாம் முறை உளுந்தை ஊற வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பிளெண்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். போனை அரிசி வாளியில் முட்டுக் கொடுத்து, உளுந்து போடுவதில் இருந்து நிற்பது வரை ஒரே வீடியோ. செக்கன் முள் நகர்வது தெரிகிறது, சத்தம் கனப்பது கேட்கிறது, பிறகு அமைதி. ஒரு தாளில் "வெறுமனே போட்டுப் பார்க்க வேண்டாம், ஈரமான தானியம் போட்டு ஒரு நிமிடம் அரைக்கவும்" என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஜாரிலேயே ஒட்டி அனுப்பினேன். காசு வந்தது.

சோதிக்கிறவர் உங்கள் குசினியில் இல்லை. எப்போது பழுது வருகிறது, எவ்வளவு நேரத்தில், என்ன போட்டால் என்று அவர் கையில் கொடுத்தால்தான் அவருக்கும் தெரியும். சூடான பிறகு நிற்கிற பேன், ஐம்பது வீதத்தில் அணைகிற போன், இரவில் மட்டும் சத்தம் போடுகிற பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

"காசு தரமாட்டாங்களாம், வவுச்சர்தான் தருவாங்களாம். எடுக்கட்டா?"

அந்தத் தளத்தில் அடுத்த மாதமே வாங்கப் போகிறீர்கள் என்றால் எடுங்கள், சிலநேரம் அதுதான் வேகம். இல்லையென்றால் காசுதான் வேண்டும் என்று முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். வவுச்சரைப் பாவித்த பிறகு காசு கேட்க முடியாது. வவுச்சருக்கும் முடிவுத் திகதி இருக்கும். பார்சல் வரும்போது காசு கொடுத்து வாங்கினவர்களுக்குத் திருப்புகிற காசு வங்கிக் கணக்குக்குத்தான் வரும், ஆகவே கணக்கு இலக்கத்தைப் பிழையில்லாமல் கொடுங்கள். களுதாவளை அம்மா ஒருவர் மகனின் மூடிய கணக்கைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் தவம் கிடந்தார்.

"காட்டால கட்டினன். பேங்கால காசு எடுக்க ஏலுமாம், மெய்யா?"

சில சந்தர்ப்பங்களில் மெய். கிரெடிட் அல்லது டெபிட் காட்டால் கட்டி, சாமான் வரவில்லை, அல்லது விபரத்துக்கு மாறாக வந்தது, விற்றவர் தீர்க்கவும் இல்லை என்றால், அந்தக் கொடுப்பனவை மறுத்து உங்கள் வங்கிக்கு எழுத்தில் கொடுக்கலாம். வங்கி அதை காட் வலையமைப்பு ஊடாக விற்றவரின் வங்கிக்கு அனுப்பும். இதற்கும் கெடு உண்டு, காட் கூற்று வந்தவுடன் போய்விடுங்கள். விற்றவரோடு முதலில் முயன்றதைக் காட்டச் சொல்வார்கள். நாலு வரி எழுத்தில் போடச் சொன்னேனே, அது இங்கேதான் உதவும்.

வங்கி அசையவில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 என்ற எண்ணுக்கு எடுக்கலாம். ஆனால் அது வங்கியைப் பற்றிய முறைப்பாட்டுக்குத்தான். பிளெண்டரைப் பற்றி அங்கே சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

"பேஸ்புக் பேஜ்ல வாங்கினன். பேங்குக்குப் போட்ட பிறகு என்ன புளொக் பண்ணிட்டான்."

இது திருப்புகிற பிரச்சினை இல்லை, மோசடி. பேஜின் முகவரி, உரையாடல், அவர் தந்த கணக்கு இலக்கம், நீங்கள் கட்டிய சிலிப் எல்லாவற்றையும் அவர் அழிக்க முதல் எடுத்து வையுங்கள். உடனே உங்கள் வங்கிக்கு அறிவித்துவிட்டு, உங்கள் ஊர்ப் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். கணக்கு யாருடையது என்று வங்கியிடம் பொலிஸ் கேட்கலாம், நீங்களும் நானும் கேட்டால் சொல்ல மாட்டார்கள். பேஜை முடக்குவது போன்ற விடயத்துக்கு இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற எண் இருக்கிறது. காசை எடுத்துத் தருவது அவர்கள் வேலை இல்லை.

முன்கூட்டிக் கட்டச் சொல்லும், முகவரி இல்லாத, கொமென்ட்டை மூடி வைத்திருக்கும் பேஜில் வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வேன். விலை பாதியாக இருக்கும்போது என் சொல் யார் காதில் ஏறும்?

"வொறண்டி ஒரு வருஷம் எண்டு போட்டிரிக்கி. கடைக்காரர் கொம்பனிக்குப் போங்க எண்டு செல்றார், கொம்பனி கடைக்குப் போங்க எண்டு செல்லுது. நான் எங்க தங்கச்சி போற?"

மருதமுனை நானா ஒருவர் இதைக் கேட்டபோது கையில் ரைஸ் குக்கரும் இருந்தது. மூன்று முறை கல்முனை, கொழும்பு என்று சுற்றி வந்த குக்கர்.

முதலில் வொறண்டி காட்டை வாசியுங்கள். தந்தவர் யார்? இலங்கை முகவரா, விற்றவரா? தளத்தில் "விற்பனையாளர் வொறண்டி" என்று போட்டிருந்தால் கொம்பனிக்கு அதில் பங்கில்லை, பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் சரி. முகவர் வொறண்டி என்றால் காட்டில் முத்திரையும் திகதியும் இருக்க வேண்டும். ஒன்லைன் பெட்டிகளில் பெரும்பாலும் வெறும் காட்தான் வரும், அதற்குத்தான் வாங்கிய அன்றே பற்றுச்சீட்டைக் கேட்டு எடுக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003 சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி வியாபாரியின் கடமை.

பிறகு இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதுவதை நிறுத்துங்கள். ஒரே மின்னஞ்சல், இரண்டு முகவரியும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் படும்படி. "கடை இப்படிச் சொல்கிறது, கொம்பனி இப்படிச் சொல்கிறது, யார் பொறுப்பு என்று ஏழு நாளில் எழுத்தில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருவர் பெயரிலும் முறைப்பாடு போகும்." நானாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். நாலாம் நாள் கடைதான் முதலில் கோல் எடுத்தது.

"1977க்கு எடுத்தா என்ன நடக்கும்? தமிழ்ல கதைக்க ஏலுமா?"

1977 நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் எண். தமிழில் கதைக்கலாம், தமிழில் எழுதிக் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. கோல் எடுப்பது தொடக்கம்தான், பழுதான சாமானுக்கு எழுத்து முறைப்பாடு வேண்டும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ மாவட்ட அலுவலகத்துக்கு எப்படிக் கொடுப்பது என்று அந்தக் கோலிலேயே கேளுங்கள்.

கெடு: 2003 சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள். பழுது கண்ட நாளில் இருந்து எண்ண வேண்டாம், வாங்கிய நாளில் இருந்து எண்ணுங்கள். "இன்னும் ஒரு கிழமை பொறுங்க" என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லியே அந்த மூன்று மாதத்தையும் விழுங்கிவிடுவார். நான் எப்போதும் இரண்டு மாதத்தோடு பொறுமையை நிறுத்திக்கொள்வேன்.

முறைப்பாட்டில் விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். பெரிய தளம் என்றால் தளத்தின் பெயர் மட்டும் போதாது, அதில் விற்ற கடையின் பெயரும் விலைப்பட்டியலில் இருக்கும், இரண்டையும் போடுங்கள். பற்றுச்சீட்டு, வொறண்டி காட், உரையாடல் எல்லாவற்றிலும் பிரதி மட்டும், மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். சபை இரு தரப்பையும் விசாரித்து, சாமானை மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு, நட்டஈடு கொடு என்று கட்டளை போடலாம். கட்டளைப்படி நடக்காதவரிடம் நீதவான் நீதிமன்றம் ஊடாகக் குற்றப்பணம்போல் அறவிடவும் வழி இருக்கிறது.

நாளைக்கே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் "1977இல் போட்டுவிட்டேன்" என்று முறைப்பாட்டின் படத்தை அனுப்பியதும் கடைக்காரரின் குரல் மாறுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

"போன் நல்லாத்தான் இரிக்கி. ஆனா பதிவில்லாத போன் எண்டுறாங்களே?"

பெட்டியிலும் போனிலும் இருக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். IMEI என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். போனை வாங்கின அன்றே, வீடியோ ஓடும்போதே இதைச் செய்யுங்கள். பதிவுள்ளது என்று சொல்லி விற்றுவிட்டு இல்லையென்றால், விபரத்துக்கு மாறான சாமான் என்றே திருப்புங்கள்.

"சுவிஸ்ல இரிக்கிற அண்ணாதான் ஓடர் போட்டு எங்களுக்கு அனுப்பினவர். பழுது. இப்ப ஆர் முறைப்பாடு போடுற?"

நம் பக்கத்தின் தனிக் கேள்வி இது. கணக்கு அண்ணாவுடையது, காட் அவருடையது, ஆகவே தளத்தில் திருப்புகிற கோரிக்கையை அவர்தான் போட வேண்டும், காசும் அவருக்குத்தான் போகும். வீடியோவும் பார்சலும் உங்கள் கையில். நேர வித்தியாசத்தில் அவர் வேலை முடிந்து போனைப் பார்க்க நமக்கு நடுச்சாமம் ஆகிவிடும், இதற்குள் கெடு போய்விடும். ஆகவே பார்சல் வரும் நாளில் அவரைக் கோலில் வைத்துக்கொண்டே திறங்கள். உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அவர் காசு மட்டும் அனுப்பினால் இன்னும் நல்லது. அண்ணாமார் இதற்கு ஏனோ மனம் வைக்கிறார்கள் இல்லை.

"சீனாவில இருந்து நேர வந்த சாமான் எண்டா?"

தளத்துக்குள்ளேயே முடியுங்கள், காட் கொடுப்பனவை மறுக்கும் வழியும் இருக்கிறது. அங்கே உள்ள கடையை இங்கிருந்து 1977ஆல் பிடிப்பது நடக்காத காரியம். அனுப்பும் செலவு சாமானின் விலையை மிஞ்சும். நம் மின்சாரம் 230 வோல்ட், பிளக் சதுரக் கால் 13 அம்பியர். 110 வோல்ட் சாமானை வாங்கிப் போட்டு எரித்துவிட்டுப் பழுது என்றால், விபரத்தில் அது எழுதியிருந்தால் பிழை நம்முடையது.

"1,200 ரூபாய்க்கு இவ்வளவு கரைச்சல் பட்டு ஆர் மிஸ் அலையுற?"

அதுவும் சரிதான். செயலியில் முறைப்பாடு போடுவதற்குப் பத்து நிமிடம், அதை எல்லோரும் செய்யலாம். அதற்கு மேல் களுவாஞ்சிகுடிக்கும் கச்சேரிக்கும் பஸ் ஏறுவதென்றால், ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் கூட்டிப் பாருங்கள். கூலிக்குப் போகிறவருக்கு 1,200க்காக ஒரு நாளை விடச் சொல்ல எனக்கு வாய் வராது.

இதைக் கேட்டவர் ஒரு டோர்ச் லைட் வாங்கியிருந்தார், வயலுக்கு இரவில் தண்ணீர் கட்டப் போக. சார்ஜ் நிற்கவில்லை. பத்தாம் நாள் வந்தார், ஏழாம் நாளோடு கெடு முடிந்திருந்தது. "கிடக்கட்டும் மிஸ்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைச் சார்ஜரில் போட்டே வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் கடையில் போட்டோகொப்பி மெஷினுக்குத் தாள் மாட்ட அதுதான் வெளிச்சம். வயரைக் கழற்றினால் மூன்று நிமிடம் எரியும்.